முந்நூறு மில்லிநொடி போதும்

திருவிழாவுக்குத் தெருவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் எக்கோ தானாக வந்துவிடும். கோயில் வாசலில் ஒன்று, நூறு மீட்டர் தள்ளி முச்சந்திப் புளியமரத்தில் இன்னொன்று. வாசலில் நிற்பவருக்குப் பக்கத்துக் குழாய் முதலில் கேட்கும், புளியமரத்துக் குழாய் ஏறத்தாழக் கால் நொடி கழித்துக் கேட்கும். 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் ஓடுகிறது. நூறு மீட்டரைக் கடக்க 284 மில்லிநொடி. ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரவென்று கிட்டாருக்கு விற்கிற அனலாக் டிலே பெடல்களில் பலவற்றின் உச்சத் தாமதம் 300 மில்லிநொடி. அரியலூர்ப் பக்கத்து விக்கிரமங்கலத்தில் வளர்ந்த பிள்ளையின் காதில் அந்த இடைவெளி ஏற்கெனவே பழகிப்போன ஒன்று.

தூரத்துக் குழாயின் ஒலி வெறும் தாமதமாக மட்டும் வருவதில்லை. 'ஸ்', 'ச்' போன்ற கூர்மையெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். காற்று உச்ச ஒலியைத் தின்கிறது, மரமும் மண்சுவரும் மிச்சத்தை உறிஞ்சுகின்றன. வந்து சேர்வது மழுங்கிய, உருண்ட ஒலி. கிட்டார்க்காரர்கள் 'வார்ம்', இதம் என்று சொல்வது இதைத்தான்.

*

"அண்ணே, கம்மி வெலைல, சவுண்டு இதமா இருக்கிற டிலே பெடல் எது?"

ஜெயங்கொண்டம், அரியலூர்ப் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் வாசிக்கிற தம்பிகள் என்னிடம் கேட்பது இது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழாப் பருவம் நெருங்கினால் கேள்வி கூடும். பெட்டியின் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவன் மூவாயிரத்திலேயே அதை எடுத்துவிடுவான், தெரியாதவனுக்கு இருபதாயிரத்திலும் கிடைக்காது. அதனால் நீட்டி எழுதுகிறேன்.

*

இதத்தின் கதையில் முதலில் நாடா. 1954-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் சாம் பிலிப்ஸ் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளை இணைத்து எல்விஸ் பிரெஸ்லியின் குரலுக்கு ஒற்றை எக்கோ கொடுத்தார். பதிவுத் தலைக்கும் வாசிப்புத் தலைக்கும் இடையே நாடா நகர எடுக்கும் நேரமே அங்கே தாமதம். பிறகு 1959-இல் எக்கோபிளெக்ஸ், 1974-இல் ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ என்று எக்கோவுக்கென்றே கருவிகள் வந்தன. மூன்றிலும் நாடாதான். நாடாவில் ஒவ்வொரு முறை பதியும்போதும் உச்ச ஒலி கொஞ்சம் தேயும், வேகம் லேசாக ஆடும். உலகம் இன்றுவரை இதம் என்று கொண்டாடுவது அந்தத் தேய்மானத்தையும் ஆட்டத்தையும்தான்.

*

அடுத்தது சிப். 1969-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் நாடா இல்லாமல் ஒலியைத் தாமதிக்க ஒரு வழி கண்டார்கள். நுண் மின்தேக்கிகளை வரிசையாக வைத்து, ஒலியின் ஒரு துளி மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே போவது. 'பக்கெட் பிரிகேட்' என்று பெயர். நம் பக்கத்தில் வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் ஏணிநெடுக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்த வேலை. கைமாறக் கைமாறக் கொஞ்சம் சிந்தும். மேலே போய்ச் சேரும் சட்டி கீழே நிரப்பிய சட்டி அல்ல.

மட்சுஷிட்டா நிறுவனத்தின் எம்என்3005 சிப்பில் இப்படி 4096 படிகள். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு படி நகரும். 7 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் வைத்தால் 4096-ஐ 14,000-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 293 மில்லிநொடி. 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 பெடலின் 300 மில்லிநொடி எல்லைக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

இதமும் இதே கணக்கிலிருந்து பிறக்கிறது. 7 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தால் அதில் பாதிக்கு மேற்பட்ட ஒலியைச் சுமக்க முடியாது. மீறினால் கீச்சென்ற பொய் ஒலிகள் முளைக்கும். அதனால் சிப்புக்கு முன்னும் பின்னும் வடிகட்டி வைத்து 3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டிவிடுகிறார்கள். திரும்பச் சுற்றுகிற ஒவ்வொரு எதிரொலியும் மறுபடி அதே வடிகட்டி வழியாகப் போகிறது. இரண்டாவது முதலாவதைவிட மங்கல், மூன்றாவது அதைவிட.

இவ்வளவு வெட்டினால் மெட்டு கெட்டுப்போகாதா? போகாது. கிட்டாரின் மெல்லிய ஈ கம்பி திறந்த நிலையில் 330 ஹெர்ட்ஸ், 12-ஆம் கட்டையில் 659, 24-ஆம் கட்டையில் 1319. வாசிக்கிற சுரங்களின் அடிப்படை எல்லாம் 3 கிலோஹெர்ட்ஸுக்கு வெகு கீழே. போவது பிக் உரசும் ஓசையும் கம்பியின் பளபளப்பும். எதிரொலிக்கு அவை வேண்டியதே இல்லை.

*

1983-இல் பாஸ் டிடி-2 வந்தது, கையடக்க அளவில் டிஜிட்டல் டிலே. 800 மில்லிநொடி வரை போகும், எதிரொலி மூலத்தைப் போலவே தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுதான் சில இடங்களில் இடைஞ்சல். வாசிக்கிற சுரமும் எதிரொலியும் ஒரே பிரகாசத்தில் வந்தால் கேட்பவருக்கு இரண்டு கிட்டார் சண்டை போடுவதாகப் படும். எதிரொலி மங்கலாக இருந்தால் பின்னால் தள்ளி நிற்கும், முன்னால் மெட்டு தனியாகத் தெரியும்.

*

நம் இசைக்கு மங்கல் எதிரொலி ஏன் கூடுதலாக வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுப் பெடல் பேச்சில் இது வருவதில்லை.

கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். டிலே போட்டு அதை வாசித்தால் என்ன ஆகும்? கம்பி மேலே போயிருக்கும் நேரத்தில் கீழே இருந்தபோது எழுந்த ஒலி எதிரொலியாக வந்து சேரும். இரண்டு சுருதி ஒன்றோடொன்று உரசும். சங்கராபரணத்தில் நேராக நிற்கும் ஷட்ஜமும் பஞ்சமமும் இந்த உரசலைத் தாங்கும், தோடியின் காந்தாரம் தாங்காது. கிட்டாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்களின் வாசிப்பைக் கூர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு அசைவும் தனித்துத் தெரிவதுதான் அதன் உயிர். அதன் மேல் பளிச்சென்ற டிலேயைக் கொட்டினால் உழைத்ததெல்லாம் கலங்கிப்போகும், மங்கல் எதிரொலியானால் பின்னால் ஒதுங்கி நிற்கும்.

சினிமாப் பாட்டானாலும் இதே கதை. பாடகர் குரலில் இழைகிற இடங்களைக் கிட்டாரில் கம்பியை வளைத்தும் சறுக்கியும்தான் எடுக்கிறோம். அங்கே 90 முதல் 120 மில்லிநொடி, எதிரொலி ஒன்று, அளவு கால் பங்கு. அது எக்கோவாகக் கேட்காது, கம்பி கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கும். நேர் சுரங்களால் ஆன இடையிசைத் துணுக்குகளுக்கு 250, 300 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

*

நேரக் கணக்கு. 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 120 தட்டு வேகம்: ஒரு தட்டு 500, அரைத்தட்டு 250. 100 தட்டு வேகம்: 600, 300. ஆக 100-க்கும் அதற்கு மேலும் உள்ள பாட்டுகளுக்கு அரைத்தட்டு எதிரொலி 300 மில்லிநொடிக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவான பாட்டில் தட்டோடு பொருத்த நினைக்காமல் குறுகிய எக்கோவாக வைத்துக்கொள்ளுங்கள். 120-இல் முக்கால் தட்டு எதிரொலி வேண்டும் என்பவருக்கு 375 தேவை, அவர் மட்டும் 600 வரை போகும் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

*

விலை குறைந்த பெட்டிகளின் உள்ளே பார்த்தால் அடிக்கடி கண்ணில் படும் சிப் பிடி2399. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்தது, 16 கால், 5 வோல்ட். கரோக்கி மைக்குக்கு எக்கோ கொடுக்கவென்று வந்த சிப். ஒலியை ஒற்றைப் பிட் டிஜிட்டலாக்கி 44 கிலோபிட் நினைவகத்தில் வைத்து, தாமதித்துத் திருப்பித் தருகிறது. நம் ஊர் எக்கோ மிக்ஸர்களிலும் எக்கோ போர்டுகளிலும் இதே சிப் பரவலாக உண்டு. கும்மிப் பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஊரெங்கும் கேட்ட எக்கோவும் இறக்குமதிப் பெடலின் எக்கோவும் ஒரே வம்சம்.

நுட்பமாகப் பார்த்தால் இது டிஜிட்டல். ஆனால் சுற்றிலும் வடிகட்டி வைத்து அமைப்பதால் அனலாக் போல ஒலிக்கிறது. அனலாக் என்று பெயர் போட்டு விற்பதும் அதனால்தான். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை, காது ஏற்றுக்கொண்டால் போதும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இதன் நேரம் சுமார் 31-இலிருந்து 342 மில்லிநொடி வரை. நேரம் கூடக் கூட ஒலிச் சிதைவும் ஒரு சதவீதத்தை நோக்கி ஏறும். ஒரே சிப்பை 500, 600 என்று இழுத்தால் எதிரொலியில் மணல் உரசும் ஓசை வரும். இதிலும் முந்நூறு வரைதான் இனிமை.

*

பழுது. பெடல் வாங்குவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும், கேட்பவர் குறைவு: கெட்டால் யார் சரி செய்வார்?

பிடி2399 சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், தபாலிலும் வரும். மைக் செட் பழுது பார்க்கிறவர் அதைப் பார்த்துப் பழகியிருப்பார், கழற்றி மாற்றிவிடுவார். ஐடிஐ படித்த பையன் புள்ளிப் பலகையில் முழு டிலேயையே கட்டிவிடலாம். பக்கெட் பிரிகேட் சிப்புகள் அப்படி அல்ல. மட்சுஷிட்டா உற்பத்தியை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. இப்போது சீன நிறுவனங்கள் பழைய வடிவமைப்புகளை மறுபடி செய்கின்றன. மலிவு அனலாக் பெடல்கள் மீண்டும் வந்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் அவற்றைச் சரியாகத் திருகி அமைக்கக் கருவியும் பழக்கமும் வேண்டும். விக்கிரமங்கலத்திலிருந்து அதற்குத் திருச்சியோ சென்னையோ போயாக வேண்டும்.

*

பெட்டிகள், என் பார்வையில்.

பெரிஞ்சர் விடி400. அசல் பக்கெட் பிரிகேட், 300 மில்லிநொடி. கூடு பிளாஸ்டிக், கால் வைக்கும்போது கவனம் தேவை. கொடுக்கும் விலைக்கு மேலான ஒலி என்றே சொல்வேன். வீட்டிலும் ஆலயத்திலும் வாசிப்பவருக்கு முதல் தேர்வு.

ஜோயோ ஜேஎஃப்-33. பிடி2399 வம்சம், உலோகக் கூடு, 600 வரை எழுதியிருக்கும். 300-க்குள் வைத்தால் இதம். மேடைக்கும் லாரிப் பயணத்துக்கும் உலோகக் கூடுதான் ஏற்றது, அதனால் ஆர்கெஸ்ட்ராத் தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

டோனர் யெல்லோ ஃபால், மூயர் அனா எக்கோ: உள்ளங்கையில் அடங்கும். குமிழ்கள் சின்னவை, இருட்டு மேடையில் திருகுவது கஷ்டம். ஒருமுறை வைத்துவிட்டு மாற்றாமல் வாசிப்பவருக்குச் சரி.

மேலே உள்ளவை பெரும்பாலும் ஐயாயிரத்தைச் சுற்றியோ அதற்குக் கீழேயோ முடிந்துவிடும், விலை மாறிக்கொண்டே இருக்கும். எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பியும், பழைய டிஎம்-2-இன் மறுபிறவியாக 2014-இல் வந்த டிஎம்-2டபிள்யூவும் ஐந்திலக்க விலை. நல்ல பெட்டிகள், மறுக்கவே மாட்டேன். கார்பன் காப்பியின் எதிரொலி தேய்ந்து மறையும் விதம் அழகு. ஆனால் கச்சேரிச் சம்பளத்தில் கிட்டார்த் தவணை கட்டுகிற பையனிடம் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கையில் வேறு எந்தப் பெடலும் இல்லாதவருக்கு ஜூம் ஜி1 ஃபோர் போன்ற பல்விளைவுக் கருவி. நாடா எக்கோ போலச் செய்வதும் உள்ளேயே உண்டு, டியூனரும் உண்டு.

*

மின்சாரம். தனிக் குறிப்பு வேண்டும், அவ்வளவு முக்கியம்.

பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். முனை பொருந்துகிறதே என்று சொருகினால் பெட்டி போய்விடும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தைப் பார்க்காமல் சொருகவே கூடாது.

டிலே பெடலின் உள்ளே கடிகாரம் ஓடுகிறது. ஒரே அடாப்டரில் நாலு பெடலைச் சங்கிலியாக மாட்டினால் அந்தத் துடிப்பு மின்கம்பி வழியாக மற்றவற்றுக்குப் போய்க் கீச்சென்று கேட்கும். திருவிழா இரவில் ஜெனரேட்டர் கரண்ட் என்றால் உறுமலும் சேரும். டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள், அல்லது பேட்டரி அறை உள்ள பெடலானால் அன்றைக்கு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். பெடலுக்கு நாலாயிரம் இருந்தால் மூவாயிரத்துப் பெடலும் மிச்சத்தில் நல்ல அடாப்டரும் வாங்குங்கள்.

*

நம் பக்கத்து மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் வைப்பது அபூர்வம், நேராக மிக்ஸரில் சொருகுவதுதான் வழக்கம். அங்கேதான் நல்ல பெடலும் மோசமாகக் கேட்கிறது.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறங்கிவிடும், அதுவே ஒரு வடிகட்டி. மிக்ஸரும் பிஏ ஸ்பீக்கரும் அதைச் செய்யாது, கூர்மை அத்தனையும் வெளியே வரும். கம்பியின் ஒலி மூலத்திலேயே குத்தினால் டிலேயைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சேனலின் ஹை குமிழைக் குறையுங்கள், கிட்டாரின் டோன் குமிழையும் கொஞ்சம் இறக்குங்கள்.

இன்னொன்று. கிட்டார் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு உள்வாங்கும் தடை வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் துளையில் அது மிகக் குறைவு, ஒலி சோர்ந்துவிடும். நடுவில் பஃபர் உள்ள பெடல் இருந்தால் அது சுமையைத் தாங்கிக்கொள்ளும். 'ட்ரூ பைபாஸ்' என்று பெருமையாக எழுதியிருக்கும் பெட்டியை அணைத்தவுடன் அந்த உதவியும் போய்விடும். மேடையில் பஃபர் பெட்டிதான் எனக்குப் பிடிக்கும்.

வரிசை: ஓவர்டிரைவ் முன்னால், டிலே பின்னால். மாற்றிப் போட்டால் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து நசுங்கிக் குழம்பாகிவிடும்.

*

ரிப்பீட் குமிழை முழுதாகத் திருப்பினால் எதிரொலி அடங்காமல் பெருகி ஊளையிடும். வீட்டில் சுவையான விளையாட்டு. குழாய் ஸ்பீக்கரில் செய்தால் யூனிட் போய்விடும், மைக் செட்காரர் நஷ்டப்படுவார். மேடையில் பாதிக்கு மேல் திருப்ப வேண்டாம்.

*

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டுக்காக வெட்டிய பள்ளங்களின் செங்குத்துச் சுவர்கள் நல்ல எதிரொலி தருபவை. 53 மீட்டர் தள்ளி நிற்கும் சுவர் 300 மில்லிநொடியில் குரலைத் திருப்பித் தரும். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கும் இடங்களுக்குள் போகவே கூடாது. வெளியே சாலையோரம் நின்று ஒரு கைதட்டலே போதும், இயற்கை எதிரொலி எவ்வளவு மங்கல் என்று காது கற்றுக்கொள்ளும். பெடலைத் திருகும்போது அதை மனதில் வையுங்கள்.

*

பழையது வாங்கும்போது. நேரக் குமிழை உச்சத்தில் வைத்து, கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மெல்லிய சீழ்க்கை கேட்டால் கடிகாரம் கசிகிறது. குமிழ்களைச் சுற்றும்போது கரகரத்தால் தூசி, அது பெரிய குறை இல்லை. மிதிக்கும் சுவிட்சைப் பத்து முறை மிதியுங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கம்பியை மீட்டி எதிரொலி மறையும்வரை காத்திருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மங்கலாகப் போனால் நல்ல பெட்டி. சத்தம் மட்டும் குறைந்து கூர்மை அப்படியே நின்றால் நீங்கள் தேடுவது அது இல்லை.

*

மைக் செட் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பாடகர் மைக்குக்கு நீங்கள் வைக்கும் எக்கோவைக் கிட்டார் சேனலிலும் சேர்த்துவிடுகிறீர்கள். தம்பி பெடலில் ஒன்று, நீங்கள் மிக்ஸரில் ஒன்று, தெருக்கோடிக் குழாய் ஒன்று என்று மூன்று எக்கோ ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. கிட்டார் சேனலில் மட்டும் எக்கோவைப் பூஜ்யத்தில் வையுங்கள், ஹை குமிழைக் கொஞ்சம் இறக்குங்கள்.